கடல் கடந்த கல்லூரியும் களியக்காவிளைக்கு அப்பால் உள்ள கல்லூரியும்

(கோட்டுகாலில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். சென்ற ஆண்டு நானும் சிலப்பதிகாரத்தைப் பற்றியே பேசினேன். இவ்வாண்டு அவ்வழக்கத்திலிருந்து சிறிது விலகிச் செல்ல உங்கள் இசைவை வேண்டுகின்றேன். மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், தவளையை அறுத்துக் காட்டியவனுக்கு மருத்துவக் கல்லூரியின் வாயிலும் தெரிந்திருக்கும் என்று நம் காலனியார் நம்புகின்றனர். (சிரிப்பு)

நீட் தேர்வின் முடிவு வெளிவந்த வாரத்தில் இரண்டு குடும்பத்தார் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். முதலில் வந்தவர் பாலராமபுரத்தில் கைத்தறித் துணிக்கடை வைத்திருப்பவர். மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகக் கூறும் ஒரு முகவரின் துண்டுத்தாள். மற்றொன்று, வள்ளியூர்ப் பக்கத்தில் அவர் தந்தையார் விட்டுச் சென்ற ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரம். இங்கே குடியேறி மூன்று தலைமுறை ஆகியும் அக்குடும்பத்தைப் பிறந்த ஊரோடு பிணைத்து வைத்திருப்பது அந்த நிலம் ஒன்றே.

"சார், இதை விற்றால் ஆறு வருடப் படிப்புக்கு ஆகிவிடும். ஆனால் என் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்கள். முஞ்சிறையிலே சித்த வைத்தியக் கல்லூரி இருக்கும்போது பெண்பிள்ளையை எதற்காகப் பனி பெய்கிற நாட்டுக்கு அனுப்புகிறாய் என்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள். எது பெரிய படிப்பு?"

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. திண்ணைத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எது பெரிய படிப்பு என்னும் வினாவிற்கு என்னிடம் விடை இல்லை. அவ்வினாவே பிழையானது என்று அவரிடம் கூறினேன். "படித்து முடித்த மறுநாள் உங்கள் மகள் எந்த ஊரில் அமர்ந்து, எந்த மருந்தை, எந்தச் சட்டத்தின் துணையோடு எழுதிக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால் போதும், எது பெரிது என்பதை ஊரார் பேசிக்கொள்ளட்டும்" என்றேன். அன்று திண்ணையில் தொடங்கிய பேச்சைத்தான் இன்று மேடையில் தொடர்கின்றேன்.

மருத்துவத்தின் பொருட்டுக் கடல் கடப்பது நம் தென் திருவிதாங்கூர் மண்ணிற்குப் புதிதன்று. முதலில் அங்கிருந்து இங்கே வந்தவர்களைச் சொல்ல வேண்டும். நெய்யூரில் இலண்டன் மிஷனைச் சார்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் 1861இல் வந்த டாக்டர் ஜான் லோ நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல், இவ்வூர் இளைஞர்களை அமர்த்தி மருத்துவம் கற்பித்தார். பட்டம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. ஆயினும் கற்றுத் தேறியவர்கள் சுற்றியிருந்த கிளை மருத்துவமனைகளில் பணியாற்றினர். உள்நாட்டு மருத்துவப் பள்ளி என்றால் என் மனத்தில் முதலில் எழும் காட்சி இதுதான்.

அதே நெய்யூருக்கு வந்தவர்தாம் டாக்டர் ஹோவர்டு சாமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்டுச் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். 1922இல் பனிச்சரிவில் சுமைதூக்குவோர் எழுவர் மாண்டனர். அப்பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த அவர், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் ஒற்றை மருத்துவர் படும் பாட்டையும் கண்டு, இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விடுத்து இங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். பல ஆண்டுகள் நெய்யூரில் அறுவை மருத்துவம் செய்து, பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். நம் வெள்ளறடைப் பக்கத்துக் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேர் அப்பெயர் யாருடையது என்று கேட்டிருப்போம்?

இங்கிருந்து அங்கே சென்றவர்களுள் தலையாயவர் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ். 1886இல் பிறந்த இவ்வம்மையார் அறிவியல் படிக்க விரும்பியபோது, பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அப்பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்று, பின்னர் இலண்டன் சென்று 1915இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். 1916இல் திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் மகளிர் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார். 1938இல் திருவிதாங்கூர் அரசின் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்நாட்டில் அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே என்பர்.

அவர் சென்றது உள்ளூரில் ஒரு கதவு சாத்தப்பட்டதால். இன்று நம் பிள்ளைகள் செல்வதும் அதே காரணத்தால்தான். சாத்தும் கை மட்டும் வேறு. 2024ஆம் ஆண்டு நீட் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம். அவற்றுள் ஒரு பெரும்பகுதி தனியார் கல்லூரிகளில் உள்ளவை; அவற்றின் கட்டணத்தைக் கேட்டால் ஒன்றரை ஏக்கர் அன்று, பதினைந்து ஏக்கர் வைத்திருப்பவரும் தயங்குவர். ஆகவே வெளிநாடு செல்வோரைப் பேராசைக்காரர் என்று பழிப்பதை நான் ஒப்புக்கொள்ளேன்.

ஆனால் முகவரின் துண்டுத்தாளில் கொட்டை எழுத்தில் இருந்த ஒரு தொடரை நான் சிவப்பு மையால் அடித்தேன். 'நுழைவுத் தேர்வு இல்லை' என்பது அத்தொடர். அக்கல்லூரி தேர்வு வைக்காமல் இருக்கலாம். நம் நாடு வைக்கின்றது. 2018 முதல், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துத் திரும்பி இங்கே தொழில் செய்ய விரும்புவோரும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். சித்த மருத்துவம், ஆயுர்வேதம் முதலியவற்றிற்கும் அதே நீட் தேர்வுதான். வாசல் ஒன்று, உள்ளே நுழைந்தபின்தான் வழிகள் பிரிகின்றன.

படித்துத் திரும்பியபின் மற்றொரு வாசல் இருக்கின்றது. 2002 முதல் நடந்துவரும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதித் தேர்வு அது. 300 மதிப்பெண்ணுக்கு 150 பெற வேண்டும். 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் அதை எழுதியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரே தேறினர். தவறியவர்கள் மீண்டும் மீண்டும் எழுதுவதால் இவ்வெண் ஒரு மாணவனின் இறுதி வாய்ப்பை அப்படியே காட்டுவதன்று; கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடும் உண்டு. எனினும் ஆறாண்டு படித்து வந்த பிள்ளை அதன்பின் ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் அமர்ந்து மறுபடியும் படிக்க வேண்டிவரலாம் என்பதைப் பெற்றோர் முன்னதாகவே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இத்தனை பேர் தவறுகின்றனர்? அவர்கள் மூடர்கள் என்பதனால் அன்று. வகுப்பறையில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளி உருசிய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோ தன் வலியைச் சொல்கின்றான். அந்த மொழி தெரியாதவன் ஆறாண்டும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்துத் திரும்புகின்றான். மேலும், நம் வயல்வெளிகளில் மழைக்காலந்தோறும் வரும் எலிக்காய்ச்சலையும், டெங்குக் காய்ச்சலையும், பாம்புக்கடியையும் அக்குளிர் நாடுகளில் அவன் எங்கே காண்பான்? இங்கே தேர்வில் கேட்பதோ அவற்றையே.

2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டது. அவற்றை நான் இருமுறை படித்தேன். இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாதல் வேண்டும். அப்பட்டம், படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமகனைப் போல மருத்துவத் தொழில் செய்யும் உரிமையைத் தருவதாக இருத்தல் வேண்டும். திரும்பியபின் இங்கும் 12 மாதம் பயிற்சி பெற வேண்டும். இவையனைத்தும் 10 ஆண்டுக்குள் முடிதல் வேண்டும். தன் நாட்டு நோயாளியைத் தொட அனுமதிக்காத பட்டத்தை நமக்கு மட்டும் விற்கும் நாடுகளைத் தடுப்பதே இதன் நோக்கம். விதி நல்லது. ஆனால் விதி வந்தபோது வழியில் நின்றவர்கள் திகைத்தார்கள். பிலிப்பைன்சில் எம்.டி. படிப்பு நான்காண்டு, அதாவது 48 மாதம். அங்கே சேரக் காத்திருந்தோர் கணக்கு ஒரே நாளில் தவறிப்போயிற்று.

இனிப் போர். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் உருசியப் படைகள் உக்ரைனில் புகுந்தன. அப்போது அங்கிருந்த நம் நாட்டு மாணவர் பதினெட்டாயிரத்திற்கும் மேற்பட்டவர். கார்கீவ் நகரில் உணவு வாங்கச் சென்ற கருநாடக மாணவர் ஒருவர் மார்ச் 1ஆம் நாள் குண்டுவீச்சில் உயிரிழந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். என் திண்ணைக்கு வந்த இரண்டாவது குடும்பத்தில் அக்கதையை நேரில் அறிந்த ஒருவர் இருந்தார். வளைகுடாவில் உழைக்கும் ஒருவருடைய மகன் வெளிநாடு செல்ல விரும்புகின்றான். அவனுடைய பெரியப்பா மகன் கார்கீவில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். நிலவறையில் ஏழு நாள் தங்கி, பின் நடந்தும் தொடர்வண்டியில் நின்றும் எல்லையை அடைந்து வீடு திரும்பினார். ஓராண்டு கைப்பேசித் திரையில் உடற்கூறு கற்றார்! இங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டியும் இடம் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில், வேறொரு நாட்டில் சென்று மீதியைப் படிக்கலாம் என்று ஆணையம் இசைந்தபின் வேறிடம் சென்று முடித்தார். தகுதித் தேர்வில் மூன்றாம் முறை தேறி இப்போது பயிற்சி மருத்துவராக இருக்கின்றார்.

அவர் தம் தம்பியைத் தடுப்பார் என்றே எண்ணினேன். தடுக்கவில்லை. "சார், போகட்டும். ஆனால் அந்த நாட்டு மொழியை முதல் ஆண்டிலேயே பேசக் கற்றுக்கொள்ளட்டும். வார்டில் நோயாளியோடு பேசாதவன் டாக்டர் ஆக முடியாது. நான் அதை நாலாம் வருடத்தில்தான் தெரிந்துகொண்டேன்" என்றார். முகவர்கள் அனைவரும் சொன்னதைக் காட்டிலும் இவ்வொரு வாக்கியம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

மீண்டும் அந்தப் பெண்ணின் குடும்பத்திற்கு வருகின்றேன். அவளுடைய தாய்மாமன் அமெரிக்காவில் இருக்கின்றார். அவர் தொலைபேசியில் ஒரு புதுச் செய்தியைச் சொன்னாராம். "இங்கே எம்.டி. என்று ஒரு பட்டம், டி.ஓ. என்று ஒரு பட்டம். டி.ஓ. என்பது எலும்பையும் தசையையும் நீவிக் குணப்படுத்துகிற வைத்தியமாகத் தொடங்கியது. இன்றைக்கு இரண்டும் சமம். அதுபோல நம்ம வர்ம வைத்தியமும் சித்த வைத்தியமும் சமம்தானே? தயங்காமல் சேர்த்துவிடு" என்றாராம். மாமன் சொன்னதில் முற்பகுதி முழு உண்மை. பிற்பகுதியில்தான் குழி இருக்கின்றது.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் அமெரிக்காவின் மிசௌரிப் பகுதி மருத்துவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைக் கொண்டு சென்றது. தாம் கற்ற மருத்துவம் தம் பிள்ளைகளைக் காக்கவில்லையே என்னும் துயரத்தில் அவர் வேறு வழி தேடினார். எலும்பும் தசையும் நிலை பிறழாதிருந்தால் உடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று கருதினார். அதற்கு ஆஸ்டியோபதி என்று பெயரிட்டு, 1892இல் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அக்காலத்து மருத்துவ உலகம் அவரைப் போலி என்றே ஒதுக்கியது.

அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் எவ்வாறு சமமானார்கள்? 'எங்கள் முறை தொன்மையானது, எங்களை மதியுங்கள்' என்று கேட்டதனால் அன்று. அவர்களுடைய கல்லூரிகள் மருந்தியல், அறுவை, நுண்ணுயிரியல் அனைத்தையும் மற்றக் கல்லூரிகளைப் போலவே கற்பிக்கத் தொடங்கின. நீவுதலையும் விடாமல் கூடுதலாகக் கற்பித்தன. 1962இல் கலிபோர்னியாவில் ஈராயிரம் டி.ஓ.க்கள் 65 டாலர் செலுத்தித் தம் பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொண்டனர் என்னும் வேடிக்கையும் நடந்தது. 1966இல் அமெரிக்கப் படையில் மருத்துவ அதிகாரிகளாக ஏற்கப்பட்டனர். 1973க்குள் 50 மாநிலங்களிலும் முழு உரிமை கிடைத்தது. இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நால்வரில் ஒருவர் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பயில்பவர். எண்பது ஆண்டு ஆயிற்று, ஐயா! இன்னொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். அதே பெயரோடு இங்கிலாந்தில் இருப்பவர் முதுகையும் மூட்டையும் கையால் நீவுபவர் மட்டுமே. மருந்து எழுதும் மருத்துவர் அல்லர். பெயர் ஒன்று, நாட்டின் சட்டம் மாறினால் தொழிலே மாறிவிடுகின்றது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கின்றது? சித்த மருத்துவப் பட்டம் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது, காலத்தில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறைந்ததன்று. உடற்கூறும் உடலியலும் அங்கே உண்டு. அவற்றோடு குணபாடம், நோய்நாடல், சூல் மகளிர் மருத்துவம், நஞ்சு மருத்துவம், வர்மமும் தொக்கணமும் அடங்கிய சிறப்பு மருத்துவம் ஆகியவை உண்டு. பட்டம் பெற்றவர் சித்த மருத்துவராகப் பதிவு செய்து சித்த மருந்துகளைக் கொடுக்கலாம். அலோபதி மருந்தை எழுதும் உரிமை அப்பட்டத்தினாலேயே வந்துவிடாது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. ஓமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்தார்; நோயாளி இறந்தார். தாம் கற்காத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவு என்று நீதிமன்றம் கூறி, இழப்பீடு கொடுக்கச் செய்தது. 1998இல், இந்திய மருத்துவம் பயின்றோர்க்கு அந்தந்த மாநிலத்தின் சட்டம் இடங்கொடுத்தாலன்றி அவ்வுரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. 2023 ஏப்ரலில், குஜராத்து ஆயுர்வேத மருத்துவர்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்க்கு இணையான ஊதியம் கேட்டபோது, இருவரும் ஆற்றும் பணி ஒன்றன்று என்று மறுத்தது.

இவற்றை நான் சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. கொல்லைப்புற வழியாக அலோபதி மருத்துவர் ஆகிவிடலாம் என்று எண்ணிச் சித்தக் கல்லூரியில் சேராதீர்கள் என்பதற்காகச் சொல்கின்றேன். அப்படிச் சேர்ந்தவர் இரண்டு மருத்துவத்திற்கும் துரோகம் செய்கின்றார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நாள்தோறும் அஞ்சி வாழ்கின்றார்.

சித்த மருத்துவத்தை விரும்பிக் கற்பவனுக்கோ நம் பகுதியைப் போன்ற விளைநிலம் வேறில்லை. வர்மம் என்னும் கலை வளர்ந்ததே இந்தத் தென் திருவிதாங்கூரில்தான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்கள் என்று ஆசான்மார் எண்ணினர். அடிமுறை பயில்வித்த ஆசானே அடிபட்டவனை எழுப்பவும் அறிந்திருந்தார். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கும் தொக்கணம் ஒன்பது வகை. ஸ்டில் ஐயா கிர்க்ஸ்வில்லில் நீவத் தொடங்குவதற்கு மிக முன்பே நம் பனையேறிகளுக்கு நீவிக் கட்டியவர்கள் இவர்கள்.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒருவர் பனையிலிருந்து விழுந்தார். முன்கை எலும்பு இரண்டாயிற்று. ஆசான் வந்து இழுத்துச் சேர்த்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பதாம் நாள் அவர் மறுபடியும் மரம் ஏறினார். ஊரே வியந்தது. அடுத்த ஆண்டு மற்றொருவர் விழுந்தார். அவர்க்கும் அதே கட்டு. உள்ளே இரத்தக்குழாய் நசுங்கியிருந்ததை ஒருவரும் அறியவில்லை. விரல்கள் கறுத்தன, பின்னர் மருத்துவமனையில் முழங்கையோடு கையை எடுத்தார்கள். முதற்கதையை மட்டும் சொல்பவரும் இரண்டாம் கதையை மட்டும் சொல்பவரும் நம்மிடையே உள்ளனர். நான் இரண்டையும் கண்டவன். ஆசானின் கை, ஊடுகதிர்ப் படத்தைப் பார்க்கத் தெரிந்த கண், 'இது என்னால் ஆகாது, மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்' என்று சொல்லும் வாய், இம்மூன்றும் ஒருவரிடம் அமைய வேண்டுமானால் அதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும். கல்லூரியின் தேவையே அதுதான் என்பது என் கருத்து.

அத்தகைய கல்லூரிகள் நமக்குத் தொலைவில் இல்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் உள்ளது. திருவனந்தபுரத்திற்கு அருகே பொத்தன்கோட்டில் சாந்திகிரிக் கல்லூரி உள்ளது. மேற்படிப்பிற்குத் தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. பாட்டியம்மை சொன்ன முஞ்சிறைக் கல்லூரியோ களியக்காவிளையைத் தாண்டினால் சிறிது தொலைவில்தான். அதை நடத்தும் சங்கத்தின் பெயர் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம். திருவிதாங்கூர் மறைந்தபின்னும் அப்பெயர் மறையவில்லை பாருங்கள்! அந்த முஞ்சிறைக்குக் கல்வியோடுள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் கோவிலும் 95 மாணவர்க்கான சாலையும் அமைத்தான் என்று செப்பேடு கூறுகின்றது. அங்கே சேர விரும்புவோர் இலக்கணமும் மீமாம்சையும் மட்டுமன்றி மூன்று அரசுகளின் நடைமுறையும் அறிந்திருக்க வேண்டுமாம். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே நுழைவுத் தகுதி வைத்துவிட்டார்கள்! (சிரிப்பு)

மூன்று அரசுகளின் நடைமுறை நமக்கு வேண்டாம். இரண்டு அரசுகளின் நடைமுறையேனும் நாம் அறிந்தாக வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அக்கோடு நம் பிள்ளைகளின் விண்ணப்பத் தாளிலும் ஓடுகின்றது. தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்க்கே அது. பாறசாலைப் பள்ளியில் படித்த தமிழ்ப்பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. கேரளமோ விண்ணப்பதாரரைக் கேரளீயர், கேரளீயர் அல்லாதார் என்று பிரித்துச் சான்று கேட்கின்றது. இரண்டு பக்கமும் இருப்பதாக எண்ணிக்கொண்டு, சான்று கேட்கும் நாளில் எந்தப் பக்கமும் இல்லாதவராகும் குடும்பங்களைக் கண்டிருக்கின்றேன். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை காத்திராமல், இப்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றுகளை ஒழுங்குபடுத்துங்கள். வேலை வாய்ப்பையும் எல்லைக்கோட்டை வைத்தே எண்ணுங்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு பலவிடங்களில் உண்டு. கேரளத்தில் ஆயுர்வேதத்திற்குள்ள இடம் சித்தத்திற்கு இல்லை. திருவனந்தபுரத்தில் 1889இலேயே அரசு ஆயுர்வேதப் பள்ளி தோன்றிவிட்டது. அந்த முன்னோட்டத்தைச் சித்தத்தால் இன்னும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இதை மறைத்துப் பேசுவது நட்பாகாது.

இவற்றையெல்லாம் அன்று திண்ணையில் சொல்லி முடித்தபின், அந்தப் பெண்ணை நோக்கி, "அம்மா, உன் விருப்பம் என்ன?" என்று கேட்டேன். அதுவரை அவளை ஒருவரும் கேட்கவில்லை போலும். சிறிது நேரம் கழித்து, "சார், எனக்கு ஆப்பரேஷன் செய்ய ஆசை இல்லை. பாட்டிக்கு முட்டுவலி. எண்ணெய் போட்டு நீவிவிடுவது நான்தான். அது ஏன் குறைகிறது, ஏன் மறுபடி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நான் படித்தது மலையாளப் பள்ளி" என்றாள்.

தந்தை தலை குனிந்தார். எனக்கும் வெட்கமாக இருந்தது. தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுதோறும் சிலம்பு பேசுகின்றவன் நான். என் அடுத்த தெருப் பெண் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றாள்! சித்த மருத்துவ நூல்கள் செய்யுள் வடிவில் உள்ள தமிழ் நூல்கள். மொழி தெரியாதவர்க்கு முதலாண்டில் தமிழைத் தனியே கற்பிக்கும் ஏற்பாடு கல்லூரியில் உண்டு. ஆயினும் அது கடலைக் கையால் அள்ளும் முயற்சியே.

அவரை உடனே முடிவு செய்ய வேண்டாம் என்றேன். மகளை ஒரு சித்த மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் இரண்டு நாள் அமர்ந்து பார்க்கச் செய்தார். பார்த்து வந்தவள் கலந்தாய்வில் சித்தத்தையே முதல் விருப்பமாகப் பதிவு செய்தாள். நிலப் பத்திரம் மீண்டும் பெட்டிக்குள் போயிற்று. மற்றக் குடும்பத்துப் பையன் வெளிநாடு செல்லும் முடிவிலிருந்து மாறவில்லை. 2021 விதிகளை ஒவ்வொன்றாக எழுதி, அக்கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி விடை கேட்டுள்ளான். ஐந்து வினாவில் மூன்றுக்கு விடை வந்துள்ளது. மீதி இரண்டுக்கும் வரும் வரை பணம் கட்டுவதில்லை என்று அவன் தாயார் உறுதியாக இருக்கின்றார்.

அப்பெண் இப்போது சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு நம் சங்கத்துப் படிப்பகத்திற்கு வருகின்றாள். வர்மங்களின் பெயர்களை வைத்தே தமிழ் எழுத்துப் பயிற்சி செய்கின்றோம். 'திலர்த காலம்' என்று எழுதி, புருவங்களின் நடுவே விரலை வைத்துக் காட்டினாள் சென்ற வாரம். அவளோடு இன்னும் நான்கு பிள்ளைகள் வரத் தொடங்கியுள்ளனர். அவர்களில் இருவர் ஏழாம் வகுப்பு. பலகை இரண்டும் பழுதாகிவிட்டன. செயலாளர் அவர்கள் புதுப் பலகை ஒன்று வாங்கித் தருவதாகச் சற்றுமுன் என் காதில் சொன்னார். அதை ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டேன். (கைதட்டல்)